புல் கறுப்பாக்கிய மண்

சென்ற இதழில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோள வயல்களைப் பற்றிய ஒரு பதிலில், அந்த மண்ணைக் காற்று கொண்டுவந்தது என்றும் புல் கறுப்பாக்கியது என்றும் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயமே என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அந்த மண்ணுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஆடிக்காற்றில் கண்ணில் விழும் தூசு வேறு. பல மீட்டர் கனத்துக்கு நிலமே காற்றால் படிந்தது என்பது வேறு. இதை எப்படி நம்புவது?
— வாசகர், தேனி

அந்தத் தூசு எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலில் பார்ப்போம். கடைசிப் பனியூழியில் கனடாவிலிருந்து தெற்கே நகர்ந்துவந்த பெரும் பனிப்பாளம், தன் அடியில் அகப்பட்ட பாறைகளைத் திருகையில் இட்ட தானியம்போல மாவாக அரைத்தது. கோடையில் பனி உருகிப் பெருகிய வெள்ளம் அந்தப் பாறைமாவை மிசிசிப்பி, மிசௌரி, இல்லினாய் முதலிய ஆறுகளின் வழியே இறக்கி, அகன்ற படுகைகளில் பரப்பியது. குளிர்காலத்தில் உருகுவது நின்று வெள்ளம் வடிந்ததும், புல்பூண்டு எதுவும் இல்லாமல் உலர்ந்து கிடந்த படுகைகளைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று. மணல் கனமானது; ஆற்றங்கரையை விட்டு அது அதிகத் தொலைவு போகவில்லை. மிக நுண்ணிய களித்துகளில் பெரும்பகுதி வெகுதூரம் பறந்து சிதறியது. இரண்டுக்கும் நடுத்தரமான, 0.002 மில்லிமீட்டருக்கும் 0.05 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட வண்டல் துகள்களே புல்வெளி நாட்டின் மேல் ஆண்டுக்காண்டு படிந்தன. இவ்வாறு படிந்த நிலப்படிவுக்கு லோயஸ் என்று பெயர். அயோவாவிலும் அதன் கிழக்கே உள்ள இல்லினாய் மாநிலத்திலும் இன்று மேலே கிடக்கும் லோயஸ், சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன்பு படியத் தொடங்கி, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புவரை படிந்தது.

இது ஊகம் அன்று. ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலாக இருந்தால் அது பள்ளத்தில் மட்டுமே தங்கியிருக்கும். லோயஸோ மேட்டின் உச்சியிலும் சரிவிலும் போர்வை போர்த்தியதுபோலக் கிடக்கிறது. மேலும், ஆற்றை ஒட்டிய இடத்தில் அதன் கனம் மிகுதியாகவும், ஆற்றை விட்டு விலக விலகக் குறைந்துகொண்டும் வருகிறது. துகள்களும் அதே வரிசையில் நுண்மையாகிக்கொண்டே போகின்றன. இல்லினாயில் இந்தத் தேய்வைக் கணக்கிட்டு 1942ஆம் ஆண்டு வெளியிட்டவர் கை ஸ்மித் என்னும் மண்ணியலாளர். மிசௌரி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி அயோவாவின் மேற்கு எல்லையில் நிற்கும் லோயஸ் குன்றுகள் சில இடங்களில் 60 மீட்டர் கனத்துக்கும் மேற்பட்டவை. அந்தக் குன்றுகளைச் சாலைக்காக வெட்டினால், வெட்டிய முகம் சுவர்போலச் செங்குத்தாக நிற்கிறது. சரிவாக வெட்டினால்தான் மழையில் கரைந்து ஓடுகிறது.

எங்கள் ஊர்க் கரிசலும் கறுப்பு, அந்த மண்ணும் கறுப்பு. இரண்டும் ஒரே குடும்பமா?
— வாசகர், கோவில்பட்டி

நிறம் ஒன்றுதான் பொது. கரிசலில் பாதியோ அதற்கும் மேலோ களியாக இருப்பது வழக்கம்; அந்தக் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி ஆளின் கை நுழையுமளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் கறுப்பைப் பார்த்து அதில் மட்கு நிரம்பியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான கரிசல் நிலங்களில் கரிமம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை, இருக்கிற சிறிதளவு மட்கு களியோடு இறுகப் பிணைந்து முழு மண்ணையும் கறுப்பாகக் காட்டுகிறது. அயோவாவின் புல்வெளி மண்ணிலோ களி கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். அதன் கறுப்பு உண்மையாகவே மட்கின் கறுப்பு. அதற்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால் உக்ரைனுக்கும் தெற்கு ரஷ்யாவுக்கும் போக வேண்டும். அங்குள்ள செர்னோசெம் மண்ணில் பெரும்பகுதி லோயஸின் மேல் புல் வளர்ந்து உண்டானதே. 1883ஆம் ஆண்டு அதைப் பற்றி நூல் எழுதிய வசீலி தக்குச்சாயெவ்தான், மண் என்பது வெறும் உதிர்ந்த பாறை அன்று, தனக்கென்று பிறப்பும் வளர்ச்சியும் உடைய ஒன்று என்ற கருத்தை நிலைநாட்டினார்.

அந்த மண்ணின் இயல்புகளை விரிவாகச் சொல்ல முடியுமா? பாடநூலில் ‘ஆர்ஜியுடால்’ என்று ஒரு பெயர் வருகிறது. மனப்பாடம் செய்கிறோமே தவிரப் பொருள் விளங்கவில்லை.
— வேளாண்மை மாணவி, மதுரை

ஒரு மண்ணை எடுத்துக்கொண்டு பேசினால் விளங்கும். அயோவாவின் கிழக்குப் பகுதியிலும் இல்லினாயின் வடமேற்குப் பகுதியிலும் பரவலாகக் காணப்படும் ‘டாமா’ என்னும் மண் வகையைப் பார்ப்போம். மண் வகைக்கு, அது முதலில் ஆராயப்பட்ட வட்டாரத்தின் ஊர்ப்பெயரையோ மாவட்டப் பெயரையோ வைப்பது அமெரிக்க வழக்கம். டாமா என்பது அயோவாவின் ஒரு மாவட்டம்.

மெல்லிய ஏற்ற இறக்கமுள்ள மேட்டில் ஒரு குழி வெட்டி உள்ளே இறங்குங்கள். மேலே முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 35 அல்லது 40 சென்டிமீட்டர் வரை, ஈரத்தில் கறுப்பாகவும் காய்ந்தால் அடர் பழுப்பாகவும் தெரியும் மேல்மண் இருக்கும். ஒரு பிடி எடுத்து நெரித்தால் சிறு சிறு மணிகளாக உதிரும். ஈரமாக்கி விரலிடுக்கில் தேய்த்தால் மாவுபோல வழுக்கும், நறநறப்பே இருக்காது, ஏனென்றால் இதில் மணல் 5 சதவீதத்துக்கும் குறைவு. கீழே போகப்போகக் கறுப்பு மங்கிப் பழுப்பு தொடங்கும். அந்தப் பழுப்பு அடுக்கில், மண்கட்டிகளின் முகத்தில் எண்ணெய் தடவியதுபோல மெல்லிய பளபளப்பு தெரியும். அது மேலிருந்து மழைநீர் கழுவிக் கொண்டுவந்து பூசிய களி. ஒரு மீட்டருக்குக் கீழே போனால் லோயஸின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் வெளிப்படும். குழியில் ஒரு கல்லைக்கூடப் பார்க்க முடியாது. காற்று கல்லைத் தூக்கி வராது அல்லவா!

இப்போது பெயரைப் பிரிக்கலாம். இறுதியில் நிற்கும் ‘ஆல்’ என்பது மாலிசால் என்னும் பெருவகுப்பின் சுருக்கம்; மென்மை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காய்ந்தாலும் இறுகிக் கல்லாகாத, கனமான, கறுத்த, சுண்ணாம்புச் சத்து முதலிய காரச் சத்துகள் நிறைந்த மேல்மண் உடையது என்று அதற்குப் பொருள். நடுவில் வரும் ‘உட்’ என்பது ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் வற்றாத மண் என்பதைக் குறிக்கிறது. முன்னால் நிற்கும் ‘ஆர்ஜி’ நான் மேலே சொன்ன களி பூசிய அடுக்கைச் சுட்டுகிறது. ஆக, ஒரே சொல்லில் மேல்மண், ஈரநிலை, அடிமண் மூன்றும் அடங்கிவிடுகின்றன. 1975ஆம் ஆண்டு வெளிவந்த இந்த வகைப்பாட்டை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர், முதல் பதிலில் லோயஸின் கனத்தை அளந்தவராக வந்த அதே கை ஸ்மித்தான்.

உழவர்களுக்கு முக்கியமானது வேறொன்று. வண்டல் துகள்களுக்கு இடையிலான நுண்துளைகள், செடி எளிதில் உறிஞ்சக்கூடிய நிலையில் நீரைப் பிடித்து வைக்கின்றன. ஒரு மீட்டர் ஆழ மண் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையைச் செடிக்காகச் சேமித்து வைக்கும். வேரும் ஒரு மீட்டரைத் தாண்டித் தடையில்லாமல் இறங்கும். ஜூலையில் சில வாரங்கள் மழை பொய்த்தாலும் மக்காச்சோளம் வாடாமல் நிற்பது இதனால்தான். கரிசலும் நீரைப் பிடிக்கிறதே என்று கோவில்பட்டி வாசகர் கேட்கலாம். பிடிக்கிறது, ஆனால் அதில் கணிசமான பங்கைத் தானே இறுக்கி வைத்துக்கொள்கிறது.

பாறைமாவுக்கு இயல்பாகக் கறுப்பு கிடையாது. அப்படியானால் புல் எப்படி அதைக் கறுப்பாக்கியது? அதே இடத்தில் மரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
— வாசகி, திருச்சி

இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் கற்பனையாகக் கேட்ட சோதனையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது.

பனியூழி முடிந்த உடனே அங்கே புல் வரவில்லை. ஏரிகளிலும் சதுப்புகளிலும் அடங்கிக் கிடக்கும் பழைய மகரந்தத்தைப் பார்த்தால், முதலில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகளும் பிறகு இலையுதிர் மரங்களும் இருந்ததும், வெப்பமும் வறட்சியும் கூடிய பின்பே புல்வெளி பரவியதும் தெரிகிறது. பரவிய புல்லோ ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் பெருநீலத்தண்டுப் புல்லும் அதன் உறவுகளும். அவற்றின் வேர்கள் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும். செடியின் உடலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நிலத்தின் கீழேதான் இருக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர், ஆழக் குழிகள் வெட்டி இந்த வேர்களை ஒவ்வொன்றாக மண் நீக்கி வரைந்து காட்டியவர். அந்த வேர்களில் ஒரு பங்கு ஆண்டுதோறும் செத்து, இருந்த இடத்திலேயே மட்குகிறது. உறைய வைக்கும் குளிர்காலம் அந்தச் சிதைவைப் பல மாதங்கள் நிறுத்தி வைக்கிறது. மிச்சப்படும் மட்கு, லோயஸில் ஏற்கெனவே இருந்த சுண்ணாம்புச் சத்தின் துணையோடு களியுடன் பிணைந்து, எளிதில் அழியாத மணிகளாகிறது. புல்வெளியை அடிக்கடி எரித்த காட்டுத்தீயும், பழங்குடி மக்கள் வேட்டைக்காக மூட்டிய தீயும் விட்டுச்சென்ற கரித்தூளுக்கும் இந்தக் கறுப்பில் பங்கு உண்டு. வளை தோண்டும் கோஃபர் எலிகளும் எறும்புகளும் மேலதைக் கீழும் கீழதை மேலுமாகக் கலந்து நிறத்தை ஆழத்துக்குக் கொண்டுபோயின.

டாமா மண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே லோயஸில், அதே மழையில், ஓக் காட்டின் கீழ் உண்டான மண்ணுக்கு ஃபேயட் என்று பெயர். மரம் தன் சத்தை இலையாக மேலே உதிர்க்கிறது. சருகு தரையின் மேற்பரப்பிலேயே மட்குகிறது. அதிலிருந்து கசியும் அமிலம் சுண்ணாம்பையும் களியையும் கீழே கழுவித் தள்ளுகிறது. அதனால் ஃபேயட் மண்ணில் மேலே விரற்கடை சில அளவுக்கு மெல்லிய கறுப்பு, அதன் கீழே வெளிறிய சாம்பல் அடுக்கு, பிறகு களி மிகுந்த அடிமண் என்று காணலாம். காடும் புல்வெளியும் மாறி மாறி எல்லை நகர்ந்த இடங்களில் இரண்டுக்கும் நடுவான டௌன்ஸ் என்னும் மண் கிடைக்கிறது. காடு அழிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு உழப்பட்ட வயலில்கூட, ஓரிடத்தில் முன்பு புல் இருந்ததா மரம் இருந்ததா என்பதை மண்ணியலாளர் குழியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இப்படி ஓர் அங்குல மண் உருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?
— வாசகர், ஈரோடு

அங்குலக் கணக்கு இங்கே பொருந்தாது. கறுப்பு அடுக்கு என்பது மேலே மேலே கொட்டிச் சேர்ந்தது அன்று; ஏற்கெனவே கிடந்த லோயஸ் மேலிருந்து கீழாகக் கறுத்தது. வேர் சேர்ப்பதும் சிதைவு எடுப்பதும் சமமாகும்வரை அது ஆழமாகிக்கொண்டே போகும். பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் ஆனாலும் பெரிதாக மாறாது.

மாற்றியது கலப்பை. வார்ப்பிரும்புக் கொழுவில் இந்த மண் அப்பிக்கொண்டு உழவர்களைத் தவிக்கவைத்த காலத்தில், 1837ஆம் ஆண்டு இல்லினாயின் ஒரு சிற்றூரில் ஜான் டியர் என்ற கொல்லர் மெருகேற்றிய எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன் பிறகு இரண்டு தலைமுறைக்குள் புல்வெளி ஏறக்குறைய முழுவதும் வயலாயிற்று. அயோவாவில் பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1876ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை தொடரும் மாரோ சோதனை வயல் இத்தகைய மண்ணின் மேல்தான் இருக்கிறது. உரமிடாமல் ஆண்டுதோறும் மக்காச்சோளமே விதைத்த பாத்தியில் கரிமம் வெகுவாகக் குறைந்திருப்பதை அது காட்டுகிறது. அந்த வயலின் மேல் நிழல் விழக்கூடாது என்பதற்காக, அருகே வந்த நூலகத்தைப் பல்கலைக்கழகம் நிலத்துக்கு அடியில் கட்டியது!

மட்கு குறைவது ஒருபுறம். மண்ணே இடம்பெயர்வது இன்னொருபுறம். செயற்கைக்கோள் படங்களில் மண்ணின் நிறத்தை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மக்காச்சோள வட்டாரத்தின் உழுநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தன் கறுப்பு மேல்மண்ணை முற்றிலும் இழந்துவிட்டது என்கிறது. மேட்டு உச்சிகள் வெளிறித் தெரிகின்றன. உழப்படாமல் தப்பிய புல்வெளித் துண்டுகள் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து பக்கத்து வயலுக்குள் இறங்கும்போது சுமார் ஓர் அடி உயரப் படியில் கால் வைத்து இறங்க வேண்டியிருக்கும்.