நரம்பு மஞ்சளா, நடுவில் மஞ்சளா?

கேள்வி: அரை ஏக்கரில் வெண்டை போட்டு 45 நாள் ஆகிறது. முப்பது செடி போல இலை மஞ்சளடித்துவிட்டது. சத்துக் குறைவு என்று கடையில் சொன்னார்கள். நுண்ணூட்டம் இரண்டு முறை தெளித்தும் கேட்கவில்லை. வேறென்ன மருந்து அடிக்கலாம் ஐயா? அந்தச் செடிக் காயைச் சாப்பிடலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மருந்து இருக்கட்டும் அம்மா. முதலில் ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவென்றால் நரம்பு பச்சையாகவே இருக்கும், இடையில்தான் வெளுக்கும். நரம்பு மஞ்சள் வலை பின்னியதுபோல் தெரிந்து நடுவில் பச்சை இருந்தால், அது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய். செடிக்குள் போன வைரஸைக் கொல்ல மருந்தே கிடையாது. இனி அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையைத் தட்டினால் மாவு பறப்பதுபோல் எழும்பும். நோயுள்ள செடியில் சாறு குடித்த ஈ, அப்புறம் பல நாள் உட்காருகிற செடிக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மரவள்ளித் தேமல், உளுந்து மஞ்சள் தேமல், தக்காளி இலைச்சுருட்டை எல்லாமே இந்த ஈ பரப்பும் பெகோமோவைரஸ் கூட்டம்தான். வெண்டையில் இதை 1924-லேயே பம்பாய்ப் பக்கம் பதிவு செய்திருக்கிறார்கள்.

நானும் ஒரு வருஷம் பிஞ்சு பிடித்திருக்கிறதே என்று நாலு செடியைப் பிடுங்க மனசில்லாமல் விட்டேன். மூன்று வாரத்தில் வயல் முழுக்க மஞ்சள். காய் வெளிறி நார் ஏறிப்போய், சந்தையில் எடுக்க ஆளில்லை. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

நாளைக்கே, ஈ மந்தமாக இருக்கும் விடியற்காலையில், அந்த முப்பதையும் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி, வயலுக்கு வெளியே புதைத்துவிடுங்கள். மற்றச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஈ இருப்பது அங்கேதான். மஞ்சள் ஒட்டும் அட்டை மூன்று வையுங்கள். யூரியாவைக் குறையுங்கள். பைரித்ராய்டு என்ற ரசாயனப் பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள், அது ஈயைத் தின்னும் பூச்சிகளையும் கொன்று ஈயைப் பெருக்கிவிடும். அடுத்த போகம் ஈயைத் தடுக்கும் வேலிபோலச் சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளத்தை முன்கூட்டியே விதைத்துவிடுங்கள்.

காயைத் தாராளமாகச் சாப்பிடலாம், இந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. செடியைப் பிடுங்குமுன் பிஞ்சாக இருப்பதைப் பறித்துக்கொள்ளுங்கள். முற்றினால் நார்தான்.