கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

அன்புள்ள ஐயா,

வீடு மாறப்போகிறோம். பல வருடமாகச் சேர்த்த கேசட்டும் சிடியும் மூன்று அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. “எல்லாம்தான் போன்லயே இருக்கே, இதை எதுக்குத் தூக்கிட்டு வரணும்” என்கிறான் மகன். அவன் சொல்வதும் சரிதான், நான் அவற்றைப் போட்டுக் கேட்டே ரொம்ப நாள் ஆகிறது. ஆனாலும் மனசு வரவில்லை. இது வெறும் பழைய பாசமா, இல்லை இதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

கேசட்டில் கேட்டால்தான் பாட்டு இனிக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. நாடாவின் இரைச்சல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இன்றைக்கு ஒரு நல்ல ஸ்ட்ரீமிங் சேவை சிடிக்குச் சமமான தரத்திலேயே தருகிறது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

என் கவலை வேறு. 78 சுற்று இசைத்தட்டு போய் 1948-இல் எல்பி என்ற நீண்டநேர இசைத்தட்டு வந்தது, 1963-இல் கேசட், 1982-இல் சிடி, அப்புறம் எம்பி3. ஒவ்வொன்றும் முந்தையதை ஓரங்கட்டியது, ஆனால் எம்பி3 வரைக்கும் பாட்டு நம் கையில்தான் இருந்தது, கோப்பாக இருந்தாலும் நம் கணினியில் இருந்தது, யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ஸ்ட்ரீமிங்கில்தான் முதல்முறையாக அது மாறியிருக்கிறது. மாதச் சந்தா கட்டும்வரை கேட்க அனுமதி, அவ்வளவுதான். இசை நிறுவனத்துக்கும் சேவைக்கும் ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் பட்டியலில் அந்தப் பாட்டு மங்கிப்போய் நிற்கும், அழுத்தினால் பாடாது.

காணாமல் போவதாவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அதைவிட வருத்தம் தருவது, பாட்டு சத்தமில்லாமல் மாற்றப்படுவது. ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவைப் புதிதாக மெருகேற்றுவது, என்ற பெயரில் ஒலியளவைக் கூட்டி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த இடைவெளியை நசுக்கிவிடுகிறார்கள். எல்லா ரீமாஸ்டரும் அப்படி இல்லை, அருமையாகச் செய்தவையும் உண்டு. ஆனால் புதியது ஏறியதும் பல நேரம் பழையது இறங்கிவிடுகிறது, நீங்கள் கேட்டு வளர்ந்த பாட்டு எப்படி ஒலித்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட வழி இருக்காது. 1985-இல் அச்சான சிடி உங்களிடம் இருந்தால் அதில் 1985-இல் பதித்த ஒலி அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் இப்படி ஒரு பிரதி இருப்பதால்தான் சில பதிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

சர்வரில் இருந்தால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2015 வரை ஏற்றிய இசை முழுவதும் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டது என்று 2019-இல் தெரியவந்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது செய்தி வந்தது. அதில் எத்தனையோ பேருக்கு வேறு பிரதியே கிடையாது.

அப்புறம் அந்த உள்தாள். கேசட்டுக்குள் மடித்து வைத்திருப்பார்களே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், யார் வயலின், யார் தபேலா, ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று. ஸ்ட்ரீமிங்கில் பல பாட்டுக்கு இந்த விவரம் இருப்பதில்லை. வாசித்தவரின் பெயர் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைக் குப்பையில் போட எப்படி மனசு வரும்?

சரி, மூன்று பெட்டியையும் என்ன செய்வது? ஸ்ட்ரீமிங்கில் தேடிக் கிடைக்காதவற்றை முதலில் தனியே எடுங்கள். கேசட்டுகளை உடனே கணினியில் ஏற்றிவிடுங்கள், நாடா நாளாக நாளாக வலுவிழக்கும், அதைவிட வேகமாகப் பிளேயர்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்தாலே பாட்டு இழுக்க ஆரம்பித்துவிடும். வீட்டிலேயே எழுதிய சிடிக்கள் இருந்தால் அடுத்தது அவை, கடையில் வாங்கியவை அளவுக்கு அவை தாங்காது. சிடியில் பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்துப் பார்த்துக் காப்பார்கள், ஆனால் தரவு இருக்கும் மெல்லிய படலம் பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே கீறல் விழுந்தால் மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது. அந்தப் பக்கத்தில் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். ஏற்றும்போது ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்தில் வையுங்கள், அளவு சுருங்கினாலும் ஒலித்தரம் கொஞ்சமும் குறையாது. உள்தாள்களையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் மகனையும் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். கணினி வேலை அவருக்கு உங்களைவிடச் சுலபமாக வரும், எந்தப் பாட்டு எதற்காக வாங்கினீர்கள் என்று உங்களைத் தவிர வேறு யாரும் அவருக்குச் சொல்லவும் முடியாது.