வாசகர் கேள்வி – பதில்: 322-ஆ, 326-ஆ?

கேள்வி: ஃபார்முலா ஒன் கார் பந்தயக் கணக்குகளை நோட்டில் எழுதி வருகிறேன். பிரேசில் வீரர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ ஓட்டிய பந்தயங்கள் ஓரிடத்தில் 322, இன்னோரிடத்தில் 326 என்று இருக்கின்றன. எதை எழுதுவது?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: இரண்டையுமே எழுதுங்கள், தனித்தனிக் கட்டத்தில். 326 பெயர் கொடுத்தவை, 322 புறப்பட்டவை. இடையில் விழும் நான்கு: 1994-ல் இத்தாலியின் இமோலா, பயிற்சியிலேயே விபத்து. 1998-ல் பெல்ஜியத்தின் ஸ்பா, முதல் புறப்பாட்டில் கார்கள் மோதிக் குவிந்தன, மறுபடி தொடங்கியபோது அவர் இல்லை. 2002-ல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் கார் கோளாறு, புறப்படவே முடியவில்லை.

2010 பெல்ஜியம் பந்தயத்தை அவருடைய 300-வது என்று கொண்டாடினார்கள். எண்ணிப் பாருங்கள்: பெயர் கொடுத்த கணக்கில் அது 301, புறப்பட்ட கணக்கில் 297. இமோலாவை மட்டும் கழித்தால்தான் 300 வரும்! அதனால் எந்த எண்ணை எழுதினாலும், எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி: 2005 அமெரிக்கப் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் நான்காவது. ஓடியதே ஆறு கார்தானே, இது செல்லுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தாராளமாகச் செல்லும். மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் ஃபார்மேஷன் லேப் (புறப்பாட்டுக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று) முடிந்ததும் பிட்டுக்குள், அதாவது பழுதுபார்க்கும் இடத்துக்குள், போய்விட்டன. ஆனாலும் 73 சுற்றும் முழுதாக ஓடியதால் ஐந்து புள்ளியும் முழுதாகக் கிடைத்தது. குறிப்புக் கட்டத்தில் '6 கார்' என்று போடுங்கள், 4-ல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பாய்மரப் படகுப் போட்டியில் செல்போனில் நேரம் எடுக்கிறோம். இரண்டு படகுக்கு ஒரே நேரம் வந்தால்?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: ஃபார்முலா ஒன்னில் என்ன செய்தார்கள் பாருங்கள்: 1997-ல் ஸ்பெயினின் ஹெரெஸ் தகுதிச்சுற்றில் வில்நவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்ஸன் மூவருக்கும் அச்சு அசலாக 1:21.072. அந்த நேரத்தை முதலில் எடுத்தவர் வில்நவ் என்பதால் முதலிடம் அவருக்கு. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனி நேரத்தில் சுற்றினார்கள். உங்கள் படகுகள் ஒன்றாகக் கிளம்புகின்றன, ஆகவே கோட்டைத் தாண்டிய வரிசைதான் முடிவு, கடிகாரம் அதற்குப் பிறகுதான். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு கம்பு நட்டு, அவை ஒன்றாகத் தெரியும் இடத்தில் நின்று, அணியம் (படகின் முன்முனை) அந்த நேர்கோட்டைத் தொடுவதை வீடியோ எடுங்கள். நொடிக்கு 30 படம் என்றால் 0.03 நொடி வித்தியாசம் வரை தெரியும். கட்டைவிரலில் ஸ்டாப்வாட்ச் அழுத்துவது ஆளுக்கு ஆள் 0.2 நொடி மாறும், போன் காட்டும் நூறில் ஒரு பங்கை நம்பி எழுத வேண்டாம்.

வீடியோவிலும் சமம் என்றால் பரிசைப் பங்கிடுங்கள், ஆனால் பின்னமாகவே எழுதுங்கள். 1954-ல் சில்வர்ஸ்டோன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முழு நொடியில் மட்டுமே நேரம் எடுத்ததால் ஏழு பேர் அதிவேகச் சுற்றில் சமமானார்கள், அதற்கான ஒரு புள்ளியைப் பங்கிட்டு ஆளுக்கு 1/7 புள்ளி. அதை 0.14 என்று எழுதிக் கூட்டினால் 0.98 தான் வரும்.