லாரி மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: லாரியில் அடிபட்டுச் செத்து வேறு உலகத்துக்குப் போகிற ஹீரோ கதைகளில் ‘ரீ:ஜீரோ’தான் பெஸ்ட் என்று என் தோழி தினமும் நச்சரிக்கிறாள். காதலும் உண்டாம். இந்த ஜப்பானிய அனிமேயின் (கார்ட்டூன் தொடரின்) நிறை குறை என்ன? சுபாருவுக்குச் சரியான ஜோடி எமிலியாவா, ரெம்மா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு லாரியைப் பழிக்கிறீர்களே, நாளைக்குத் தெருவில் நடமாட வேண்டாமா?

ரீ:ஜீரோவில் லாரியே கிடையாது. நட்சுகி சுபாரு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டில் அடைந்து கிடக்கும் பையன். ராத்திரி கடைக்குப் போய் கப் நூடுல்ஸும் நொறுக்குத்தீனியும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான், கண்ணைக் கசக்கித் திறந்தால் எதிரில் வேறு உலகம். அவ்வளவுதான், யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஆனாலும் இசெகாய், அதாவது வேறு உலகத்துக்குப் போகிற கதை, என்றாலே லாரிதான் என்று முடிவு கட்டியாகிவிட்டது, ரசிகர்கள் அந்த லாரிக்கு ‘டிரக்-குன்’ என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். இதே வகையில் வந்த ‘முஷோகு டென்செய்’ தொடரில் நிஜமாகவே லாரி, அதை நான் மறுக்கவில்லை. ‘கோனோசுபா’வில் பாருங்கள், கஸுமா லாரி வருகிறது என்று பதறி ஒரு பெண்ணைத் தள்ளிவிடுகிறான், வந்ததோ மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த டிராக்டர், இவன் பயத்திலேயே உயிரை விட்டுவிடுகிறான். இன்னொரு தொடரில் ஸ்லைம் என்கிற கொழகொழ உயிரியாக மறுபிறவி எடுக்கிறவர் கத்திக்குத்தில் சாகிறார். பழி மட்டும் மொத்தமாக லாரிக்கு.

அந்த டிரைவரை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? இடிபட்டவனுக்கு அங்கே தேவதை வந்து வரம் கொடுக்கிறாள், மந்திர வாள் கொடுக்கிறாள், பின்னாலேயே நான்கு பெண்கள் சுற்றுகிறார்கள். இடித்தவருக்கு இங்கே என்ன கிடைக்கிறது? ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது, லைசென்ஸ் போகிறது, சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று ஓனர் போனில் கத்துகிறார், அப்புறம் வாய்தா, இன்ஷூரன்ஸ். ‘பையன் திடீரென்று குறுக்கே பாய்ந்தான் சார், அவன் இப்போது வேறு உலகத்தில் நன்றாகத்தான் இருப்பான்’ என்று எந்த நீதிபதியிடம் சொல்ல முடியும்? அந்த டிரைவரைப் பற்றி 12 எபிசோடில் ஒரு தொடர் எடுத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

வேடிக்கை இருக்கட்டும், லாரி இல்லாததுதான் ரீ:ஜீரோவின் முதல் பலம். லாரி என்பது எழுதுகிறவருக்கு வசதியான ஏற்பாடு. அடித்துப்போட்டால் பழைய வாழ்க்கை தீர்ந்தது, அப்பா அம்மாவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ‘ஷோசெட்சுகா நி நரோ’ என்கிற ஜப்பானியத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம். அங்கே இந்த வகைக் கதைகள் பெருகி, 2016இல் இவற்றுக்கென்றே தனி ரேங்க் பட்டியல் போட வேண்டியதாயிற்று. நாகட்சுகி டப்பேய் 2012இல் ரீ:ஜீரோவை எழுத ஆரம்பித்ததும் அதே தளத்தில்தான். ஆனால் அவர் சுபாருவைக் கொல்லாமலே அனுப்பிவிட்டார். அதனால் வீட்டில் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிருக்கிறான். அந்தக் கடன் 2020இல் வந்த இரண்டாவது சீசனின் நான்காவது எபிசோடில் தீர்கிறது. ஒரு சோதனையில் பழைய வீட்டையும் அப்பா அம்மாவையும் பார்க்கிறான், அழுதுகொண்டே விடைபெறுகிறான். சண்டை இல்லை, பூதம் இல்லை, சாதாரண ஒரு வீடு. தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த எபிசோடு அது.

சாவு எல்லாம் அந்தப் பக்கம் போன பிறகுதான். செத்தால் காலம் பின்னோக்கிப் போய் ஓர் இடத்திலிருந்து மறுபடி தொடங்கும், நடந்தது அவனுக்கு மட்டும் நினைவிருக்கும், யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் ஒரு கறுப்புக் கை வந்து இதயத்தை நெரிக்கும். காதல் கதைக்கு இதைவிடக் கொடுமையான விதி இருக்க முடியாது. தொடக்க எபிசோடுகளிலேயே காட்டிவிடுகிறார்கள். வெள்ளி முடிப் பெண்ணைச் சந்திக்கிறான், உதவுகிறான், பெயர் கேட்கிறான், அவள் ‘சடெல்லா’ என்கிறாள். இருவரும் கொல்லப்படுகிறார்கள். மறுபடி அவளைத் தெருவில் பார்த்ததும் ஆசையாக ‘சடெல்லா!’ என்று கூப்பிடுகிறான். அவளுக்கு முகம் சிவந்துவிடுகிறது, முன்பின் தெரியாத ஒருவன் ஊரே நடுங்கும் சூனியக்காரியின் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டால் கோபம் வராதா? இவனை விலக்குவதற்காக அவள் சொன்ன பொய்ப் பெயர் அது. எமிலியா என்கிற உண்மைப் பெயர் பிறகுதான் தெரிகிறது.

13ஆம் எபிசோடில் இது வெடிக்கிறது. அரசியைத் தேர்ந்தெடுக்கும் சபையில், கூப்பிடாத இடத்தில், நான்தான் எமிலியாவின் வீரன் என்று மார்தட்டி அவளுடைய மானத்தை வாங்குகிறான். ஜூலியஸ் என்கிற உண்மையான வீரனிடம் நன்றாக அடிவாங்குகிறான். அப்புறம் எமிலியாவிடம் ‘உனக்காக எவ்வளவு செய்தேன், நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்’ என்று கத்துகிறான். அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் கணக்கில் உள்ள பாதி நாட்கள் அவள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகும் பின்னால் சுற்றுகிறவனைக் காதலன் என்று நம் சினிமா எத்தனை வருஷமாகக் கொண்டாடுகிறது என்று இந்தப் பக்கத்தில் எழுதி நிறைய வசவு வாங்கியிருக்கிறேன். அதே வகைப் பையனை நடுச்சபையில் நிறுத்தி, ‘உன் தியாகத்தை யார் கேட்டார்கள்?’ என்று ஓர் அனிமே கேட்கும்போது எனக்கு எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

குறை அங்கேயே தொடங்குகிறது. சண்டை போட்டதும் எமிலியாவைக் கதையை விட்டே கிட்டத்தட்ட அனுப்பிவிடுகிறார்கள், முதல் சீசன் முடியப்போகும் நேரத்தில்தான் சரியாகத் திரும்பி வருகிறாள். கதாநாயகி இல்லாத வீட்டில், மாளிகைப் பணிப்பெண்ணான ரெம் குடியேறிவிட்டாள். 18ஆம் எபிசோடில் நொறுங்கிப்போன சுபாரு ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போகலாம், வா’ என்கிறான், அவள் மறுத்துவிட்டு, அவனைத் தனக்கு ஏன் பிடிக்கும் என்று சொல்கிறாள். எபிசோடு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அசையத் தோன்றாது. அவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் சொல்கிற பதில்: ‘எனக்கு எமிலியாவைப் பிடிக்கும்.’

ரெம் கட்சியினர் அன்றைக்குப் போட்ட கூச்சல் இன்னும் ஓயவில்லை. ரெம் ஒரு பாத்திரமாக இளைத்துப்போகிற இடமும் அதுதான் என்று முன்பு எழுதியதற்கு என்னைக் கட்டம் கட்டித் திட்டினார்கள். மறுபடி எழுதுகிறேன், திட்டுங்கள். அதற்கு முன்னால் அவள் சந்தேகப்படுவாள், இரும்புக் குண்டு கட்டிய சங்கிலியால் அவனையே அடித்துக் கொல்வாள், அக்காவை நினைத்து உள்ளுக்குள் புழுங்குவாள். அதற்குப் பிறகு எதுவும் எதிர்பார்க்காமல் காத்திருப்பது ஒன்றே அவள் வேலை. இப்படி ஒரு பெண் யாருக்கு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறை, வளவளப்பு. இரண்டாவது சீசனின் முற்பாதி ஒரு காட்டுக்குள் சிக்கிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது, வருகிற சூனியக்காரிகள் ஒவ்வொருவரும் பட்டிமன்றத் தலைவர் போலப் பேசுகிறார்கள். இத்தனைக்கும் நேரம் போதவில்லை என்று பல எபிசோடுகளில் டைட்டில் பாட்டையே வெட்டிவிட்டார்கள். பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்கிற ஆட்களோடு எனக்குள்ள சண்டை ஊரறிந்தது. எடுத்தவர்களே தள்ளிவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் வந்த பிற்பாதியில் ஒரு கல்லறைக்குள் சுபாருவும் எமிலியாவும் மறுபடி சண்டை போடுகிறார்கள். நீ ஒரு தொல்லை என்று ஆரம்பித்து அவள் குறைகளை எல்லாம் அடுக்குகிறான், அப்படியும் உன்னைப் பிடிக்கிறது என்கிறான், பிடிக்காவிட்டால் விலகிக்கொள் என்று சொல்லிவிட்டு முத்தமிடக் குனிகிறான். அவள் விலகவில்லை. முதல் சீசனில் அவளிடம் கேட்காமலே எல்லாம் செய்தவன் இங்கே அவள் முடிவுக்காக ஒரு நொடி நிற்கிறான், அதனால் என் ஓட்டு எமிலியாவுக்கு. உங்கள் தோழி ரெம் கட்சியாக இருந்தால் இந்த இதழை அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.