சும்மா இருக்கும் நேரம்

அன்புள்ள அக்கா,
பையன் பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். இரண்டு மாதமாக முறுக்கு சுட்டு விற்கிறேன். கிலோவுக்குச் சாமான் 180 ரூபாய் ஆகிறது, 250க்குக் கொடுக்கிறேன். 70 ரூபாய் லாபம். லைசென்ஸ் வேண்டுமா? நகையை வைத்து மாவு பிசையும் மிஷின் வாங்கலாமா? நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, சங்கரன்கோவில்

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை உங்கள் பையனிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாக வைப்பான். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் வேண்டும். ஆன்லைனிலேயே முடிகிற வேலை. வரும் 14 இலக்க எண்ணைக் கவரில் போட்டுவிடுங்கள். அதில் பேச வேறொன்றும் இல்லை.

நான் பேச வந்தது அந்த ‘சும்மா’வைப் பற்றி. போன வாரம் பரணை ஒழித்தபோது அத்தையின் கணக்கு நோட்டு கிடைத்தது. அதை மூடி வைக்க மனமில்லாமல் இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வருகிறது.

அத்தை கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்தவள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடிக்க வேண்டும். பழைய வேட்டியை விரித்து அதன்மேல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் திருகித் திருகி ஏழு சுற்றுச் சுற்றுவாள். எண்ணெயில் சலசலப்பு அடங்கினால்தான் எடுப்பாள். முகூர்த்த மாதங்களில் அவள் வலது கட்டைவிரல் வெடித்திருக்கும். ரசம் சாதம் பிசையும்போது ‘ஸ்ஸ்’ என்று கையை உதறுவாள். ராத்திரி அந்த விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது என் வேலை.

நோட்டில் அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், விறகு, மாவு இடித்தவளுக்குக் கூலி எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. சுற்றியவளுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. “பரவாயில்லையே, பொழுதும் போகுது, காசும் வருது” என்பார் மாமா. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்களும் அதே நோட்டைத்தான் எழுதுகிறீர்கள், அம்மா. 3 கிலோ சுட எவ்வளவு நேரம்? அரிசி ஊறுவதை விடுங்கள். அரைத்து, சலித்து, பிழிந்து, சுட்டு, ஆறவைத்து, கட்டி, எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்க்க ஆறு மணி நேரமாவது ஆகும். கிடைப்பது 210 ரூபாய், மணிக்கு 35. சிலிண்டரையும் கவரையும் இன்னும் கழிக்கவில்லை. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். கூலியே வந்து சேரவில்லை, அதற்குள் லாபமாம்!

லிஜ்ஜத் அப்பளக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள்: 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய அப்பளத் தொழில். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் அங்கே அப்பளம் தேய்க்கும் பெண்ணுக்குத் தேய்த்த அளவுக்குக் கூலி உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. லாபத்தைப் பங்கு பிரிப்பது அதற்கு அப்புறம்தான். எனக்கு அந்த 80 ரூபாயைவிட இந்தக் கூலிதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கிலோ 350 என்று சொல்லிப் பாருங்கள். “வீட்டில் சுடுவதுதானே, இவ்வளவா?” என்று முதலில் கேட்கப்போவது சொந்தக்காரர்கள்தான். அவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

மிஷினா? பிசைவதில் உங்களுக்குப் பத்து நிமிஷம் போகுமா? மீதி நேரமெல்லாம் அடுப்படியில் அல்லவா போகிறது! நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘மேலத் தெரு டீச்சர், 51 முறுக்கு, பாக்கி 11 ரூபாய்’ என்று இருக்கிறது. டீச்சரின் மகனை எனக்குத் தெரியும், மதுரையில் பெரிய வீடு கட்டியிருக்கிறார். கேட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.