எப்போதும் எதற்காவது பதட்டப்படும் சுபாவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் திருப்தியாக இருக்க முடியுமா?

முடியும். நானே அந்த ரகம்தான். பாதிப் படி இறங்கிய பிறகு திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

சந்தோஷமும் கவலையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று இறங்கினால் மற்றது தானாக ஏறும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அதனால் கவலையைக் குறைப்பதிலேயே பல வருடம் போயிற்று. 1988-இல் வாட்சன், கிளார்க், டெலிகன் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட, நல்ல உணர்வுகளையும் கெட்ட உணர்வுகளையும் அளக்கும் 'பானாஸ்' கேள்வித்தாளைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மொத்தம் 20 சொற்கள். ஆர்வம், உற்சாகம், பெருமிதம் என்று பத்து. பயம், எரிச்சல், குற்ற உணர்ச்சி என்று பத்து. (வேடிக்கை, 'சந்தோஷம்', 'சோகம்' இரண்டுமே அதில் இல்லை.) ஒவ்வொன்றையும் எவ்வளவு உணர்ந்தோம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். இரண்டு பத்தையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிப்பதில்லை.

இரண்டு வாரம் தினமும் இரவில் நிரப்பினேன். பெரிய வேலை ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளில் பதட்டத்துக்கு 5, ஆர்வத்துக்கும் 5. ஒன்றுமே நடக்காத ஞாயிற்றுக்கிழமையில் பதட்டம் 1, ஆர்வமும் 1. நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டிய அந்த ராத்திரிதான் மனசு வெறிச்சென்று கிடந்தது.

சுபாவத்துக்கு வருவோம். கோஸ்டா, மெக்ரே என்ற இரு உளவியலாளர்கள் 1980-இல் எழுதியது இதைத்தான்: கலகலப்பான சுபாவம் நல்ல உணர்வுகளோடு ஒட்டிக்கொள்கிறது, பதட்ட சுபாவம் கெட்ட உணர்வுகளோடு. பதட்டக்காரருக்கு உற்சாகமே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. திருப்தியில் பதட்டம் கொஞ்சம் கைவைக்கத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை.

ஆனால் திருப்தி என்பது உணர்ச்சியே அல்ல, நம் வாழ்க்கைக்கு நாமே சொல்லும் தீர்ப்பு. உளவியலாளர் டீனரும் சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட திருப்தி அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள், 5 முதல் 35 வரை மதிப்பெண். பயந்தீர்களா, அழுதீர்களா என்று ஒரு கேள்வியும் கிடையாது. எனக்கு 26 வந்தது. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

இப்போது பூட்டோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். இழுத்துப் பார்க்கத் தோன்றினால் பார்த்துவிட்டுப் போகிறேன். சண்டைக்குப் போன நேரத்தில், சாயங்காலம் பழைய கடிகாரங்களைப் பிரித்து மாட்டுகிறேன். ஒரு திருகாணி உருண்டு போனால் அதற்கும் பதறுவேன், அது வேறு விஷயம்.