கேளுங்கள், சொல்கிறோம்: கட்டற்ற மென்பொருளுக்குக் கைகொடுக்க

கேள்வி (கல்லூரி மாணவி, கோத்தகிரி): ஒரு மென்பொருளின் மூல நிரலை கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) மூலம் குளோன் செய்கிறேன், அதாவது முழுப் பிரதி இறக்குகிறேன். மழை நாட்களில் சிக்னல் வந்து வந்து போகிறது. பாதியில் அறுந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். என்ன வழி?

பதில்: விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிட் குளோனுக்குக் கிடையாது. முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். ‘டெப்த் 1’ என்ற தேர்வோடு குளோன் செய்தால் கடைசி கமிட்டின் (பதிவு செய்த மாற்றத்தின்) கோப்புகள் மட்டும் இறங்கும். சின்னத் திருத்தம் அனுப்ப அதுவே போதும். பழைய கமிட்டுகள் வேண்டுமென்றால் ஃபெட்ச் (மேலும் இழுக்கும்) கட்டளையில் ‘டீப்பன் 200’ எனக் கொடுத்துத் தவணை தவணையாக இழுங்கள். ஒரு தவணை அறுந்தாலும் முந்தையவை பத்திரம். ஒரு எச்சரிக்கை: ‘டெப்த் 1’ பிரதியில் பிளேம் (எந்த வரியை யார் எழுதினார் எனக் காட்டும் கட்டளை) பார்த்தால், எல்லா வரிகளையும் அந்தக் கடைசி கமிட்டைச் செய்தவரே எழுதியதாகக் காட்டும். பாவம், அவரைப் போய்க் கேள்வி கேட்டு வைக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் பக்கம் நல்ல இணைப்புள்ள யாராவது முழுதாகக் குளோன் செய்து பென்டிரைவில் தந்தாலும் சரிதான். அதன்பின் ஃபெட்ச் புதியவற்றை மட்டும் எடுக்கும். லினக்ஸ் என்றால் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாமல் டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாக்கிய பொதி) கட்டச் சொல்லுங்கள். பென்டிரைவ்களின் கோப்பு அமைப்பு பெரும்பாலும் ஃபேட் வகை. எந்தக் கோப்பை இயக்கலாம் என்று சொல்லும் எக்ஸிகியூட் அனுமதிகள் அதில் தங்காது. நீங்கள் தொடாத கோப்புகளெல்லாம் மாறியதாக கிட் ஸ்டேட்டஸில் வந்து நிற்கும்.

கேள்வி (பள்ளி அலுவலக ஊழியர், கொடைக்கானல்): முகவரிப் பட்டியல் வைக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளில் ‘கொடைக்கானல்’ என்று தேடினால் பாதி வரிகள் அகப்படுவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. இதை எப்படிப் புகாராக எழுதுவது?

பதில்: முதலில் ‘கொ’வைச் சந்தேகப்படுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் (எழுத்துக் குறிகளுக்கு எண் தரும் பொது முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ஒரே குறியாக (எண் 3018). மற்றது, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக (3014, 3006). திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பது யூனிகோட் விதி. ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருள், இரண்டையும் வேறு வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. அகப்பட்ட சொல் ஒன்று, அகப்படாத சொல் ஒன்று, இரண்டையும் லிப்ரேஆபிஸ் கால்க்கில் ஒட்டி குறிகளை எண்ணும் லென் சூத்திரம் போடுங்கள். ஒன்றுக்கு 11, மற்றதற்கு 12 வரலாம். உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளியும் 12 ஆக்கும். மிட் சூத்திரத்தால் இரண்டாவது குறியைப் பிரித்து, அதன் எண்ணைச் சொல்லும் யூனிகோட் சூத்திரம் போட்டுப் பாருங்கள். 3018, 3014 என இரண்டு விடை வந்தால் பிழை பிடிபட்டது.

புகாரில் மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எந்தத் தமிழ் விசைப்பலகை, என்ன தேடினீர்கள், எத்தனை வரி வர வேண்டும், எத்தனை வந்தது என்பதை எழுதுங்கள். அந்த எண்களையும் கட்டாயம் சேருங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத நிரலருக்கு அவைதான் பிடி. ஸ்கிரீன்ஷாட் இங்கே உதவாது, அதில் இரண்டும் ஒன்றுதானே! இரண்டே வரியுள்ள மாதிரிக் கோப்பை இணையுங்கள். பள்ளியின் உண்மையான பட்டியலை அனுப்பவே கூடாது. பெரும்பாலும் புகார்ப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிள்ளைகளின் முகவரி ஊருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்): நிரல் எழுதத் தெரியாது. தமிழாக்கத்தில் உதவ முடியுமா?

பதில்: தாராளமாக. லிப்ரேஆபிஸுக்கு வெப்லேட், ஃபயர்பாக்ஸுக்கு பொன்டூன் என்று மொழிபெயர்ப்புத் தளங்கள் உண்டு. இரண்டும் பிரவுசரிலேயே வேலை செய்யும். %1, %2 போன்ற குறிகள் கோப்பின் பெயர் போன்றவை வந்து விழும் இடங்கள். அவற்றை அழிக்காதீர்கள், தமிழ் வாக்கியத்துக்கு ஏற்ப இடம் மாற்றலாம். ஆனால் %s போல எண் இல்லாத குறிகளை வெறுமனே இடம் மாற்றினால் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வரும். குறியோடு வேற்றுமை உருபை ஒட்டாமல் ‘%1 என்ற கோப்பை’ என்று எழுதுவது நல்லது. அங்கே என்ன பெயர் வந்து விழும் என்பது நமக்குத் தெரியாதே.

கேள்வி (கூடலூர் வாசகர்): புல் ரெக்வஸ்ட் (என் திருத்தத்தை ஏற்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதிலே இல்லை. மறுபடி ஒன்று அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், இருப்பதையே சரிபாருங்கள். தானியங்கிச் சோதனை சிவப்பில் நின்றால் பலர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அடுத்து, மாற்றங்களின் பட்டியல். நீங்கள் மூன்று வரி திருத்தியிருப்பீர்கள். உங்கள் எடிட்டர் வரி முடிவுக் குறிகளை மாற்றியதால் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். அதைப் பொறுமையாகப் படிக்க சம்பளமில்லாத ஒருவருக்கு என்ன தலையெழுத்து? தேவையானதை மட்டும் வைத்து, ரீபேஸ் செய்து (மென்பொருளின் புதிய நிலைமேல் உங்கள் மாற்றத்தை மறுபடி அமைத்து), அதே கிளைக்கு ஃபோர்ஸ் புஷ் செய்தால் (பழையதன் மேல் கட்டாயமாக ஏற்றினால்) பழைய ரெக்வஸ்டே புதுப்பிக்கப்படும். பிறகு, எந்தப் பிழைக்கான திருத்தம், எப்படிச் சோதித்தீர்கள் என்று ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டுங்கள்.

அவசரப்படுத்துவது எதிர்விளைவையே தரும். எக்ஸ்இஸட் என்ற சுருக்க மென்பொருளைக் கிட்டத்தட்ட தனியாளாகப் பராமரித்தவரை 2022-இல் சில கணக்குகள் ‘ஏன் தாமதம்’ என்று நச்சரித்தன. அங்கே உதவ வந்து நம்பிக்கை பெற்றவரின் பெயரில் நுழைந்த பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய மறைத்து வைத்த வழி) 2024 மார்ச்சில் அம்பலமானது. அதற்குப் பின் நெருக்கும் புதுமுகங்களைப் பராமரிப்பாளர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதில் வியப்பில்லை.

கடைசியாக எப்போது ஒரு ரெக்வஸ்ட் ஏற்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அங்கே ஆளில்லாமல் போயிருக்கலாம். அதை ஃபோர்க் செய்து (தனிப் பிரதியாகப் பிரித்து) தொடர்ந்து நடத்துபவர்கள் உண்டா என்று தேடி, திருத்தத்தை அங்கே அனுப்புங்கள்.